பதினைந்து லிட்டர் மாட்டின் கன்று: ராபர்ட் பேக்வெல் கதை



பொங்கல் இதழ் என்றால் நம் செய்திமடலில் பென்னிகுயிக் கட்டாயம் இருப்பார். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இல்லாமல் கம்பம் பள்ளத்தாக்கு இல்லை. அதனால் அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதே வாரத்தில்தானே மாட்டுப் பொங்கலும் வருகிறது? இந்த முறை மாட்டுக்கு உரிய ஒருவரைப் பற்றி எழுதட்டுமா என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டேன். சரி என்றார்கள்.

இவரும் இங்கிலாந்துக்காரர்தான். தேனிப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் காலையில் உங்கள் கதவில் தொங்கும் பையில் விழும் பால் பாக்கெட்டுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. பெயர் ராபர்ட் பேக்வெல். கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்.

அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

என் பெரியப்பா சின்னமனூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அவருடைய கூட்டாளி ஒருவரிடம் நாளைக்கு 15 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு இருந்தது. அந்த வட்டாரத்தில் மற்ற மாடுகள் 8 லிட்டர் கொடுத்தாலே பெரிது. அந்தப் பசு ஈன்ற கிடாரிக் கன்றை, கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் பெரியப்பா வாங்கி வந்தார். நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார். அது கன்று போட்டபோது கறந்தது 9 லிட்டர். அடுத்த ஈத்திலும் அதே கதைதான். கன்றை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று பெரியப்பா முடிவு கட்டினார். 20 வருடக் கூட்டு முறிந்தது. இரண்டு வீட்டுக்கும் விசேஷங்களுக்குப் போக்குவரத்து நின்றது.

அந்தக் கன்றைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதனிடம் திரும்பி வருவோம்.

டிஷ்லி பண்ணை

பேக்வெல் பிறந்தது 1725-ல். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே லப்ரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் டிஷ்லி பண்ணை. சுமார் 440 ஏக்கர். நிலம் சொந்தமில்லை, குத்தகை. தாத்தா காலத்திலிருந்து அதே பண்ணையைக் குத்தகைக்குப் பார்த்து வந்த குடும்பம்.

வாலிப வயதில் அவர் ஊர் ஊராகப் போனார். இங்கிலாந்து முழுவதும், ஐரோப்பாவின் சில பகுதிகளும் சுற்றி, யார் எப்படி மாடு வளர்க்கிறார்கள், புல் வளர்க்கிறார்கள், வாய்க்கால் வெட்டுகிறார்கள் என்று பார்த்தார். திரும்பி வந்து அப்பாவுக்கு உதவியாக இருந்தார். 1760-ஐ ஒட்டிப் பண்ணைப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர் சகோதரி.

பண்ணைக்குள் வாய்க்கால் வெட்டி, புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். நம் பள்ளத்தாக்கில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நமக்குச் சாதாரணம். மழையை நம்பியே பழகிய அந்த ஊரில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியது அதிசயமாகப் பேசப்பட்டது. ஒரே வருடத்தில் பல அறுப்பு அறுத்தார். நல்ல விதை மட்டும் போதாது, தீனியும் வேண்டும் என்பது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது.

வேலி போட்ட மனிதர்

அந்தக் காலத்தில் அங்கே ஆடு மாடுகள் பொது மேய்ச்சலில் ஒன்றாகக் கலந்து மேய்ந்தன. எந்தக் கிடா எந்தப் பெட்டையுடன் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. குட்டி பிறந்தால் சரி. நல்ல குட்டி கிடைப்பது அதிர்ஷ்டம்.

பேக்வெல் செய்த முதல் காரியம் மிக எளிமையானது. கிடாக்களைத் தனியாகவும் பெட்டைகளைத் தனியாகவும் பிரித்தார். யாருடன் யாரைச் சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்தார். இதைக் கேட்டால் இது ஒரு கண்டுபிடிப்பா என்று தோன்றும். ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படி எதுவுமே கிடையாது. தந்தை யார் என்று தெரிந்தால்தான், குட்டி நன்றாக இருக்கும்போது அந்தப் பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியும்.

அடுத்தது, என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது. அதுவரை செம்மறியின் மதிப்பு கம்பளியில் இருந்தது. பேக்வெல் காலத்தில் தொழிற்சாலைகள் வந்தன, நகரங்கள் பெருத்தன, இறைச்சிக்குத் தேவை கூடியது. அதனால் அவர் கறிக்கான ஆட்டைக் குறி வைத்தார். எலும்பு சிறியதாக இருக்க வேண்டும். உடம்பு பீப்பாய் போல உருண்டிருக்க வேண்டும். தின்ற தீனி சீக்கிரம் சதையாக மாற வேண்டும். மூன்று, நான்கு வருடம் வளர்த்தால்தான் விற்கலாம் என்றிருந்த ஆட்டை இரண்டு வருடத்திலேயே விற்க முடிந்தது. இந்த இனத்துக்கு நியூ லெஸ்டர் என்று பெயர்.

கண்ணால் பார்த்து மட்டும் அவர் திருப்தி அடையவில்லை. அறுத்த ஆடுகளின் தொடை, சந்து எலும்புகளை உப்பு நீரில் ஊறப்போட்டு வைத்தார். எலும்புக்கூடுகளைக் கூடத்தில் தொங்கவிட்டார். தாத்தா ஆட்டின் எலும்பு எவ்வளவு பருமன், பேரன் ஆட்டின் எலும்பு எவ்வளவு பருமன் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நம் வீட்டுக் கூடத்தில் இப்படித் தொங்கவிட்டால் சங்கத்தில் புகார் வரும். அவருக்கு அதுதான் கணக்குப் புத்தகம்.

வாடகைக் கிடா

அவருடைய மிகப் பெரிய யோசனை இதுதான். நல்ல கிடாக்களை அவர் விற்கவில்லை. ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார்.

முதலில் விவசாயிகள் சிரித்தார்கள். 1760 வாக்கில் ஒரு கிடாவுக்கு 16 ஷில்லிங்தான் கிடைத்தது. ஒரு பவுண்டு கூட இல்லை. 1789-ல் ஒரே பருவத்தில் மூன்று கிடாக்களுக்கு மட்டும் 1,200 கினி வாடகை வாங்கினார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பணத்தை விட முக்கியமான லாபம் வேறு. வாடகைக்குப் போன கிடா பல பண்ணைகளில், பல விதமான பெட்டைகளோடு சேர்ந்து குட்டிகளைத் தந்தது. பேக்வெல் அந்தப் பண்ணைகளுக்குப் போய்க் குட்டிகளைப் பார்த்தார். எல்லா இடத்திலும் குட்டிகள் நன்றாக இருந்தால் அந்தக் கிடாவைத் திருப்பி வாங்கித் தன் மந்தைக்கே பயன்படுத்தினார். ஒரு பண்ணையில் மட்டும் நன்றாக இருந்தால் அது தீனியின் வேலை. எல்லாப் பண்ணையிலும் நன்றாக இருந்தால் அது கிடாவின் வேலை. கிடாவை அதன் தோற்றத்தை வைத்து எடை போடாமல், பிள்ளைகளை வைத்து எடை போட்டார். பொலிகாளைகளைத் தேர்ந்தெடுக்கும் சந்ததிச் சோதனையின் வேர் இதுதான்.

1780-களில் கிடா வளர்ப்போர் சேர்ந்து டிஷ்லி சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். யாருக்கு வாடகைக்கு விடலாம், எவ்வளவுக்கு விடலாம் என்றெல்லாம் விதிகள் போட்டார்கள். சங்கம் என்றால் விதி இல்லாமலா?

சொந்தத்துக்குள் சொந்தம்

நல்ல கிடா ஒன்று கிடைத்தால் அதன் மகளோடும் பேத்தியோடும் மீண்டும் சேர்ப்பது அவர் வழக்கம். வெளியிலிருந்து வேறு ரத்தம் வந்தால் நல்ல குணம் நீர்த்துப் போகும் என்பது அவர் எண்ணம். இதனால் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல வந்தன. வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தது.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு உயிரிலும் வெளியே தெரியாமல் சில குறைகள் ஒளிந்திருக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால்தான் அது வெளிப்படும். நெருங்கிய உறவில் சேர்க்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் முன் மருத்துவரைக் கேளுங்கள் என்று இன்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பேக்வெல் குறையுள்ள குட்டிகளைத் தயங்காமல் கழித்துக்கட்டினார். மாட்டு மந்தையில் அது முடியும்.

தாராளமும் ரகசியமும்

டிஷ்லிக்கு விருந்தினர் வந்துகொண்டே இருந்தார்கள். பிரான்ஸ், ரஷ்யா, ஜெர்மனி என்று பல நாட்டவர். பிரபுக்களும் வந்தார்கள், சாதாரண விவசாயிகளும் வந்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு, படுக்கை. அவருடைய பெரிய காளைகளை ஒரு சிறுவன் குச்சியோடு ஓட்டிப் போவதைப் பார்த்து வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அடிக்காமல் வளர்த்தால் காளையும் சாதுவாக இருக்கும் என்பதை அவர் நடைமுறையில் காட்டினார்.

இவ்வளவு விருந்தும் செலவும் அவரைக் கடனில் தள்ளின. 1776-ல் திவாலானார். 50 வயது கடந்த பிறகு வந்த அடி அது. ஆனாலும் அதே பண்ணையில் அதே வேலையைத் தொடர்ந்து, அதற்குப் பிறகுதான் பெரிய வாடகைகளை வாங்கினார்.

வீட்டில் தாராளம் காட்டியவர், தொழிலில் கை இறுக்கமானவர். எந்த ஆட்டை எதோடு சேர்த்தேன் என்ற விவரத்தை வெளியே சொல்லவில்லை. கறிக்கு விற்கும் ஆடுகளை யாரும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, ஈர நிலத்தில் மேயவிட்டு நோய் பிடிக்க வைத்தே விற்றார் என்று ஒரு பேச்சு அக்காலத்திலேயே உண்டு. 1795 அக்டோபர் 1-ம் தேதி, 70-வது வயதில் அவர் இறந்தார். எழுதி வைத்த முறை என்று எதுவும் உலகுக்குக் கிடைக்கவில்லை. டிஷ்லி தேவாலயத்தில் புதைத்தார்கள். அந்தக் கட்டடமும் பின்னாளில் இடிந்துபோனது.

கைவிட்டுப் போனது

இப்போது கதையின் கசப்பான பகுதி. செம்மறியைப் போலவே, நீண்ட கொம்புடைய மாட்டினம் ஒன்றையும் பேக்வெல் தேர்வு செய்து வளர்த்தார். சதையும் கொழுப்பும் கூடின. அதே வேகத்தில் பால் குறைந்தது, சினை பிடிப்பதும் குறைந்தது. அவர் இறந்த சில பத்தாண்டுகளுக்குள் அந்த மாடு செல்வாக்கிழந்தது. அந்த இடத்தைப் பிடித்த குறுங்கொம்பு மாட்டை வளர்த்தவர்கள் கோலிங் சகோதரர்கள். அவர்களில் ஒருவர் டிஷ்லிக்கு வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனவர். ஆக, பேக்வெல்லின் மாடு தோற்றது. அவருடைய முறை ஜெயித்தது.

ஆட்டிலும் இதே சிக்கல் இருந்தது. கொழுப்பு அதிகம், ருசி குறைவு என்று வசதியானவர்கள் ஒதுக்கினார்கள். விலை மலிவாக இருந்ததால் உழைக்கும் மக்கள் வாங்கினார்கள். இரட்டைக் குட்டி போடுவதும் குறைந்தது.

நீங்கள் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால், அதோடு கட்டப்பட்டிருக்கும் வேறொன்றும் சேர்ந்து நகரும். நாம் பார்க்காத பக்கத்தில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போகும். பேக்வெல்லிடம் கற்க வேண்டிய இரண்டாவது பாடம் இது.

அவருக்குப் பிறகு

1859-ல் டார்வின் தன் புகழ்பெற்ற நூலில் பேக்வெல்லின் ஆடுகளை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். மனிதன் தேர்ந்தெடுத்தே இவ்வளவு மாற்ற முடியும் என்றால் இயற்கை எவ்வளவு மாற்றும் என்பது அவர் வாதம். 1866-ல் மெண்டல் தன் பட்டாணிச் செடிக் கணக்கை வெளியிட்டார். 1900-ல்தான் உலகம் அதைக் கண்டுகொண்டது. பிறகு அமெரிக்காவின் அயோவாவில் ஜே லஷ் என்ற பேராசிரியர், 1937-ல் வெளியிட்ட கால்நடை இனப்பெருக்க நூலின் வழியாக இதையெல்லாம் பண்ணைக்கு உதவும் கணக்காக மாற்றினார். பேக்வெல் கண்ணாலும் கையாலும் செய்ததற்கு அப்போதுதான் எண் கிடைத்தது. அந்த எண்ணுக்கு மரபுவழி வீதம் என்று பெயர்.

அது என்ன? ஒரு மந்தையில் ஒரு மாடு அதிகம் கறக்கிறது, இன்னொன்று குறைவாகக் கறக்கிறது. இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு பிறப்பால் வந்தது, எவ்வளவு பங்கு தீனி, கவனிப்பு, நோய், வெயில் ஆகியவற்றால் வந்தது? பிறப்பால் வந்த பங்குதான் மரபுவழி வீதம். பால் அளவுக்கு இது பெரும்பாலும் 25 முதல் 35 சதவீதம். பாலில் உள்ள கொழுப்புச் சத்தின் விகிதத்துக்கு ஏறக்குறைய 50 சதவீதம். சினை பிடிக்கும் தன்மைக்கு 10 சதவீதத்துக்கும் கீழே.

இப்போது பெரியப்பாவின் கன்றுக்கு வாருங்கள். தாய் 15 லிட்டர். வட்டாரச் சராசரி 8. வித்தியாசம் 7 லிட்டர். இதில் பிறப்பால் வந்தது 30 சதவீதம் என்று வைத்தால் சுமார் 2 லிட்டர். கன்றுக்குத் தாயிடமிருந்து வருவது பாதிதான், மறுபாதி காளையுடையது. ஆக, தாயால் கூடியது 1 லிட்டர். காளை சராசரியானது என்றால், கன்றிடம் எதிர்பார்க்க வேண்டியது 8 கூட்டல் 1. ஒன்பது லிட்டர்!

பெரியப்பாவின் மாடு கறந்தது சரியாக அதேதான். இது சராசரிக் கணக்கு. ஒவ்வொரு கன்றும் கொஞ்சம் மேலே கீழே போகும். ஆனால் 9 லிட்டர் கறந்தது ஏமாற்று வேலைக்கு அத்தாட்சி அல்ல. அந்தத் தாய்ப் பசுவின் மீதிப் பால், கூட்டாளி வீட்டு அம்மா போட்ட பருத்திக்கொட்டையிலும் நேரம் தவறாத கவனிப்பிலும் இருந்தது. அது கன்றோடு கயிற்றில் கட்டி வராது.

மலைக்கு அந்தப் பக்கம்

விடுமுறைக்கு போடிமெட்டு வழியாக மூணாறு போகும்போது மாட்டுப்பட்டி அணையில் படகு விடுவீர்கள். அங்கேதான் 1963-ல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பழுப்பு நிறக் காளைகளைக் கேரளத்தின் நாட்டுப் பசுக்களோடு சேர்த்து சுனந்தினி என்ற கறவை இனத்தை உருவாக்கினார்கள். அங்கேயும் காளையை அதன் அழகுக்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் சினை ஊசியில் பிறந்த மகள்கள் பல விவசாயிகள் வீட்டில் எவ்வளவு கறக்கிறார்கள் என்று அளந்து பார்த்துத்தான் அந்தக் காளைக்கு மதிப்பு. பேக்வெல்லின் வாடகைக் கிடா நம் மலைக்கு அந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கதை வேறு. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவம் உங்களில் பலருக்குத் தெரியும். மாட்டுப் பொங்கலுக்குக் கூட்டம் அலைமோதும் இடம். அந்த மந்தைக்கு ஒரு பட்டத்துக் காளை உண்டு. பழைய காளை இறந்தால், மந்தையின் முன் கரும்பை வைத்து, எது முதலில் வந்து எடுக்கிறதோ அதற்கே பட்டம் என்று நூறாண்டுக்கு முந்தைய பதிவுகள் சொல்கின்றன. பேக்வெல்லுக்கு இது புரிந்திருக்காது. ஆனால் அது பாலுக்காகவோ கறிக்காகவோ வைத்த மந்தை அல்ல, சாமி மந்தை. அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு.

மலை மாடுகளும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மேய்ந்து வளர்ந்த இந்த மாடுகள் கறப்பது கொஞ்சம். லிட்டரை மட்டும் பார்த்தால் இவை தோற்ற மாடுகள். ஆனால் வயலில் கிடை போட்டால் நிலத்துக்கு எரு. செங்குத்துச் சரிவில் ஏறும் கால். காட்டு மழையும் கோடை வெயிலும் தாங்கும் உடம்பு. இவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது மலையும் மேய்ப்பவர்களும். இன்று காப்புக் காட்டில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு, மேய்க்க ஆளில்லை, கிடை போட்ட வயலெல்லாம் வீட்டுமனை. நம் குடியிருப்பு நிற்கும் இடமும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வயல்தானே?

காடும் பிழைக்க வேண்டும், மாடும் பிழைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பேக்வெல் வாழ்க்கை சொல்வது இவ்வளவுதான்: அதிகம் கறக்கும் மாடு வேண்டும் என்று தேர்வு செய்வது நியாயம். நான் தினமும் அந்தப் பாலில்தான் காபி குடிக்கிறேன். ஆனால் தேர்வு செய்யும்போது கழித்துவிட்டதை முழுவதும் அழியவிட்டால், நாளைக்கு வேறொரு குணம் தேவைப்படும்போது திரும்பி எடுக்க ஒன்றும் இருக்காது. குத்தகைப் பண்ணையில் வேலி போட்டுக் காத்தவரின் மாட்டினமே செல்வாக்கிழந்தது. வேலியே இல்லாத மலை மாட்டின் நிலை என்ன?

ஆகவே இந்த மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கம்பம் அழைத்துப் போங்கள். மலை மாட்டின் கொம்பையும் திமிலையும் கிட்டத்தில் நின்று பார்க்கட்டும். நம் தொட்டிலில் பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பாக்கெட்டிலிருந்து என்று சொல்லும் தலைமுறை இது. மேய்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் காளையை ஏன் வைத்துக்கொண்டீர்கள், அந்தக் காளையை ஏன் விற்றீர்கள்? பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பேக்வெல்லைப் போல இவர்களும் எழுதி வைப்பதில்லை.

பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய கூட்டாளி இருக்கிறார். வயது 80-ஐத் தாண்டிவிட்டது. போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய் இந்த 8 கூட்டல் 1 கணக்கைச் சொன்னேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, எனக்குக் காபி போடச் சொன்னார். இந்தப் பொங்கலுக்கு இரண்டு வீட்டாரும் ஒரே இடத்தில் பானை வைப்பதாக இருக்கிறோம்.

உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.